நான் ஏமாற்றி வாங்கிய நாலு

கில்லன்-பாரே என்று அந்த நோய்க்குப் பெயர். கேட்டதும் அம்மா, "இன்னாடி இது, பிஸ்கட் கம்பெனி பேரு மாதிரி கீது" என்றாள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில், கிருமியை அடிக்கப் போன நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் நம் நரம்புகளையே தாக்க ஆரம்பிக்கும். கரண்ட் ஒயரின் மேலுறையை எலி கொறித்துவிட்ட மாதிரி. கம்பி உள்ளே இருக்கும், கரண்ட் போய்ச் சேராது. பாதத்தில் தொடங்கும், மேலே ஏறும். நெஞ்சுக்கு வந்தால் மூச்சில் கைவைக்கும். நிறையப் பேர் தேறிவிடுகிறார்கள். நானும் தேறிக்கொண்டிருக்கிறேன். இந்த நோய் வந்தவர்களும் வீட்டில் ஒருவருக்கு வந்து தவிக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் நோய் செய்ததைவிட நான் செய்ததைத்தான் அதிகம் எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. நான் முதலில் படித்தது உடலியக்கவியல். மனிதன் எப்படி நடக்கிறான், எறிகிறான், குதிக்கிறான், எந்தத் தசை எப்போது இழுக்கிறது என்று மூன்று வருடம். கல்லூரி நோட்டீஸில் "பிசியோதெரபி துறையில் ஒளிமயமான எதிர்காலம்" என்று போட்டிருந்தார்கள். பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் முழங்காலைத் தொடக்கூட எனக்கு அனுமதி இல்லை. நாவலூர் ஜிம்மில் நின்று ஐடி ஆட்களிடம் "தோளை இறக்குங்க சார்" என்று சொல்லலாம். எட்டு மாதம் சொன்னேன். பிறகு பிசியோதெரபியில் முதல் வருடத்திலிருந்து சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அப்போதுதான் பதினெட்டு. என்னைப் பார்த்து எழுந்து நின்று "குட்மார்னிங் மேம்" என்றாள்.

நாலு வருடம் அப்படியே போனது. கடைசிப் பரீட்சையும் முடிந்தது. பாக்கி ஆறு மாத இன்டர்ன்ஷிப், அதாவது ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வேலை செய்து பழகுவது. அதை முடித்தால்தான் பதிவு கிடைக்கும், பதிவு இருந்தால்தான் பிசியோ. நெம்மேலி தாண்டி, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற டில்லி எனக்காகக் காத்திருந்தான். முதல் பட்டத்தின் ப்ராஜெக்டுக்காக அவனுடைய ஆட்களின் தோள்களை அளக்கப் போனபோது பழக்கம். "வர்றவன் போறவன்லாம் தோள எறக்கிக்கினு வந்து நிக்கிறான். நீ பேப்பர மட்டும் வாங்கிகினு வா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். ஏழு வருடம் சுற்றி வந்ததற்கு அந்த ஒரு வேலைதான் கண்முன் இருந்தது.

பரீட்சை முடிந்த வாரம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று ஒரு வாரம் கழித்துப் பாதங்கள் குறுகுறுத்தன. செருப்புக்குள் மணல் இருப்பது போல. செருப்பைக் கழற்றினாலும் மணல் இருந்தது.

தெருமுனை கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் நான் அதற்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டேன். பரீட்சைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பில் நரம்பு அழுந்தியிருக்கிறது. அவ்வளவுதான். காலை மாலை நரம்பை இழுத்துவிடும் பயிற்சி செய்தேன். மரத்தல் கணுக்காலுக்கு ஏறியது. பயிற்சியைக் கூட்டினேன். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, ஒரே அளவில் மரத்து ஏறினால் அது இடுப்பு டிஸ்க்காக இருக்க வாய்ப்பு குறைவு என்று நானே பரீட்சையில் எழுதியிருந்தேன். அந்தக் கேள்விக்கு முழு மார்க்.

நாலாம் நாள் டில்லியின் இடத்துக்குப் போனேன். மணலில் உட்கார்ந்து அவன் பசங்களுக்கு ஏதோ கதை அளந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கப் போனால் இடுப்புக்குக் கீழே யாரும் பதில் சொல்லவில்லை.

"இன்னா பிரிசி, மணல்லயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றான் டில்லி.

"இரு, கால் மரத்துப் போச்சு."

"மரத்துப் போனா ஒதறு."

"உதர்றேன்டா. வரல."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் உள்ளங்காலை விரலால் கீறினான். பாதம் அப்படியே கிடந்தது. "ஏய், அந்த லோடு ஆட்டோவுலருந்து பலகைங்கள எறக்கு" என்று பசங்களைப் பார்த்துக் கத்தினான். பலகை ஏற்றுகிற இடத்தில் என்னைப் படுக்கவைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் நான் அவனுக்கு இடுப்பு நரம்பைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர் சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவேண்டும். துள்ளவில்லை. மறு காலும் துள்ளவில்லை. அப்புறம் அவர் சொன்ன சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை: "நல்லா மூச்சை இழுத்துட்டு, ஒரே மூச்சுல எவ்ளோ எண்ண முடியுதோ எண்ணுமா." முப்பத்தொன்று எண்ணினேன். எழுதிக்கொண்டார். மறுநாள் காலை இருபத்திரண்டு. சாயங்காலம் பதினைந்து. மூச்சுத் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

அப்பா மறைமலைநகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு அப்படியே வந்திருந்தார். நான் எண்ணும்போது அவரும் உதட்டை அசைத்து எண்ணினார். பதினைந்தில் நான் நின்றுவிட்டேன். அவர் உதடு பதினாறு, பதினேழு என்று போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அன்றே ஐசியூ. முதுகெலும்பின் இடுக்கில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் புரதம் கூடியிருக்கும், அணுக்கள் கூடியிருக்காது. அதுதான் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. கை கால் நரம்பில் சின்னச் சின்ன ஷாக் வைத்து, எவ்வளவு வேகத்தில் செய்தி போகிறது என்று பார்த்தார்கள். வலியைவிட அவமானம்தான் அதிகம். ஷாக் அடிக்கிறது, விரல் அசையமாட்டேன் என்கிறது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம் அது. நம் உடம்பின் குழப்பத்தை அடக்கும். விலை நம் வீடுகளுக்கு ஆகாது. காப்பீட்டு அட்டையில் கிடைத்தது. அதற்காக அப்பா மூன்று நாள் வேலைக்குப் போகாமல் ஜெராக்ஸ் கடைக்கும் கவுன்டருக்கும் நடந்தார். மூச்சுக் குழாய் போடுகிற வண்டி இரண்டு நாள் என் கட்டில் பக்கத்திலேயே நின்றது. எண்ணிக்கை பதினொன்றில் நின்று, மெதுவாகத் திரும்பியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

முகமும் தளர்ந்திருந்தது. கண் மூடாது. அம்மாவை உள்ளே விடுகிற பத்து நிமிடத்தில் அவள் ஜெபம் பண்ணவில்லை. சொட்டு மருந்து விட்டு, இமையைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு எங்கே அரிக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். "மூக்கா? காது மடலா? சொல்லாத, நானே பாக்கறேன்." நான் படித்த ஏழு வருடத்தில் யாரும் ஒரு உடம்பை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு லாவண்யா வந்தாள்.

லாவண்யா எங்கள் கல்லூரிதான். எனக்கு ஒரு பேட்ச் சீனியர், வயதில் மூன்று வருடம் சின்னவள். ஒரு பேப்பர் தவறியதால் தாமதமாகி, அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் இன்டர்ன். "அய்யோ, அக்கா நீங்களா" என்று ஃபைலைக் கட்டிலில் போட்டுவிட்டாள். தினமும் காலையில் வந்து மூட்டு மூட்டாக அசைத்துவிடுவாள். பாதம் கீழே தொங்கியே இறுகிவிடக் கூடாது, செங்குத்தாகத் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் அவர் கம்பெனியில் பாகங்களைப் பொதிகிற தடித்த ஃபோமை வெட்டி, என் பாதத்துக்குச் சரியான அளவில் பலகை செய்து எடுத்துவந்தார். ஓரங்களைத் தேய்த்து மழுக்கியிருந்தார்.

"சூப்பர்வைசர் கேட்டான், இது எந்த வண்டிக்குப் பார்ட்டுன்னு" என்றார் அப்பா.

"நீ இன்னா சொன்ன?" என்றாள் அம்மா.

"புது மாடல்னேன்."

மூன்று வாரத்தில் உட்கார்ந்தேன். ஐந்தாம் வாரம் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது மதிப்பெண் விஷயம். ஒரு தசையின் பலத்தை நாங்கள் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எழுதுவோம். ஒன்று என்றால் துடிப்பு மட்டும். இரண்டு என்றால் படுக்கையோடு படுக்கையாக நகரும், மேலே தூக்காது. மூன்று, பூமியின் இழுப்பை எதிர்த்துத் தூக்கும்; விரல் வைத்து அமுக்கினால் விழுந்துவிடும். நான்கு, அமுக்கினாலும் ஓரளவு தாங்கும். ஐந்து, முழு பலம்; உங்கள் கைக்கு என் கை சமம். நான் இன்டர்ன்ஷிப்பில் சேர, கை கால்களின் முக்கியத் தசைகள் எல்லாம் நான்குக்குக் குறையாமல் இருக்கின்றன என்று ஒரு படிவம் கேட்டது கல்லூரி. நியாயமான படிவம். நோயாளியைத் தாங்கப் போகிறவளைத்தான் கேட்கிறார்கள். பேட்ச் தொடங்க ஒன்பது நாள் இருந்தது. அதை விட்டால் அடுத்த பேட்ச், அரை வருடத்துக்கு மேல்.

எனக்கு எல்லாம் வந்திருந்தது, இரண்டைத் தவிர. வலது கட்டை விரலை உள்ளங்கையிலிருந்து மேலே எழுப்புகிற தசை. வலது பாதத்தை மேலே தூக்குகிற தசை.

பலவீனமான தசையின் வேலையைப் பக்கத்துத் தசை திருடிச் செய்யும். பாதம் தூக்காதபோது கால்விரல்களை விறைத்தால் பாதம் எழுவது போலத் தெரியும். கட்டை விரல் மேலே எழாதபோது, நுனியை மடக்கி உள்ளங்கையோடு பக்கவாட்டில் இழுத்துப் பூட்டினால், அமுக்குகிறவர் கைக்கு அது பலமாகவே படும். இதற்கு ஏமாற்று அசைவுகள் என்று ஒரு பாடமே உண்டு. நோயாளி தெரியாமல் செய்வது அது. பரிசோதிக்கிறவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி அதைத் தடுக்கவேண்டும். உடலியக்கவியலில் இதை நான் முன்பே படித்திருந்ததால், பரீட்சைக்கு முன்னால் லாவண்யாவுக்கு இந்தப் பாடத்தைக் கேன்டீனில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. ஒரே தொழிலில் இருக்கிறவர்களை நாங்கள் அழுத்திச் சோதிப்பதில்லை. அது மரியாதைக் குறைவு.

"நீங்களே சொல்லுங்கக்கா, எவ்ளோ போடலாம்?" என்றாள் லாவண்யா, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"அமுக்கிப் பாரு" என்று கையை நீட்டினேன். நீட்டும்போதே கட்டை விரலைப் பூட்டிவிட்டேன். அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. நான் அவளுடைய கல்யாணப் பேச்சை எடுத்தேன், அவள் சிரித்துக்கொண்டே அமுக்கினாள். பாதத்துக்கு வந்தபோது விரல்களை விறைத்து, முழங்காலையும் சேர்த்து முட்டுக்கொடுத்தேன்.

"நாலு தாராளமாக் குடுக்கலாம்கா."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

அதைச் செய்யும்போது எனக்குப் பயமே இல்லை, பெருமைதான் இருந்தது. படித்ததெல்லாம் முதல்முறையாக எனக்கே உதவுகிறது என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

என்னைப் போட்டதும் அதே ஆஸ்பத்திரியின் பிசியோ கூடத்தில்தான். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் ஒரு பெரியவர், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர். அன்றைக்குத்தான் கம்பியைப் பிடிக்காமல் முதல் தடவை நிற்கப் போகிறார். அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூலில். இடுப்பில் கட்டிய பெல்ட்டை நான் பிடித்திருந்தேன்.

"கெட்டியாப் புட்சிக்கினியாம்மா?" என்றார்.

"பிடிச்சிருக்கேங்கய்யா."

"வுட்டுட்டன்னு வெச்சிக்கோ, டிக்கெட் எடுக்காத கேஸுன்னு எறக்கி வுட்ருவேன்."

"எழுந்திரிங்கய்யா, விசில் குடுத்தாச்சு."

சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். நின்றார். மூன்று நொடி, நாலு நொடி. அவர் உடம்பு பின்னால் சாய, நான் ஒரு அடி பின்வைத்தேன். வலது பாதத்தின் நுனி விரிப்பில் இடறியது. பெல்ட் என் கட்டை விரலை நெம்பிக்கொண்டு வெளியே போனது. பூட்டு திறந்த மாதிரி, சுலபமாக. இரண்டு பேரும் விழுந்தோம். அவர் மனைவி தலைக்கடியில் கையைக் கொடுத்துவிட்டார், அதனால் தலை தப்பித்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. யார் பிடித்தாலும் சரி, நாலு பேர் பிடித்தாலும் சரி, எழுப்பப் போனால் ஒரு கையால் நாற்காலியை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். "போதும்மா, என்னை இட்னு போ" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். நாலு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இன்று வரை அவர் நின்றாரா என்று எனக்குத் தெரியாது.

துறைத் தலைவர் என் ஃபைலை வரவழைத்தார். லாவண்யாவையும்தான். அவளுக்கு இன்டர்ன்ஷிப் முடிய மூன்று வாரம் இருந்தது.

"இந்தக் கையில நாலு எப்படிப் போட்டே?"

அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

"நான் சரியா அமுக்கிப் பாக்கல சார். என் தப்புதான்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதற்கு நோயைக் காரணம் சொல்ல முடியாது. அப்போதைக்குள் என் வாய்த் தசைகள் எல்லாம் ஐந்துக்கு வந்திருந்தன.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் பருப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு உன் காலைத் தொட்டுத் தூக்குன பொண்ணு" என்றாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலை தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தசை, எந்தப் பூட்டு, எந்தப் பேச்சு எல்லாம். அவர் கோபப்படவில்லை. "இதை நேத்தே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணைப் பத்திக் காலேஜுக்கு லெட்டர் போயிருக்காது. இன்னொரு லெட்டர் எழுதறேன். ஆனா முதல் லெட்டரும் ஃபைல்ல இருக்கும்" என்றார். லாவண்யாவை ஒரு மாதம் கூடுதலாக வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். என் இன்டர்ன்ஷிப் ரத்து. பலம் வந்த பிறகு, எந்த பேட்ச்சில் முடியுமோ அதில், முதலிலிருந்து. மறுபரிசோதனையை லாவண்யாவே செய்யவேண்டும் என்றார் தலைவர்.

அவள் என் மணிக்கட்டை மேசையோடு சேர்த்துப் பிடித்தாள். கட்டை விரல் நுனி மடங்காதபடி தன் விரலைக் குறுக்கே வைத்தாள். "மேலே தூக்குங்க. பக்கவாட்டுல இல்ல, மேலே."

நான் தூக்கினேன். விரல் உள்ளங்கையை விட்டு எழவில்லை.

கையை ஒருக்களித்து வைத்து மறுபடி செய்யச் சொன்னாள். நகர்ந்தது. இரண்டு என்று எழுதினாள். பாதத்துக்கு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

"லாவண்யா, மன்னிச்சிடு."

"இனிமே நான் எழுதற ஒவ்வொரு நம்பரையும் ரெண்டாவது ஆள் வந்து தொட்டுப் பாக்கறாங்க" என்றாள், படிவத்தைப் பார்த்தபடி. "சார் சொன்னார்னு இல்ல. மத்த இன்டர்ன்ஸே பாக்கறாங்க." பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போனாள். அதோடு பேச்சு இல்லை. கூடுதல் மாதத்தை முடித்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

டில்லி வேறு பிசியோவைப் போட்டுவிட்டான். "நீ வர்ற வரைக்கும் தாங்க முடியாது பிரிசி, சீசன் வந்துகினே கீது" என்று போனில் சொன்னான். அவன் மேல் கோபமில்லை. சறுக்குப் பலகையிலிருந்து விழுகிற தோள்கள் என் பேட்ச்சுக்காகக் காத்திருக்காது.

வாரம் இரண்டு தடவை நோயாளியாக அந்தக் கூடத்துக்குப் போகிறேன். நரம்பின் உறை தானாகத்தான் வளரவேண்டும், மிக மெதுவாக வளரும். அதிகமாகப் பயிற்சி செய்தால் தசை இன்னும் சோர்ந்துவிடும். எனக்குப் பொறுமை கிடையாது; உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை.

போன வாரம் அடுத்த பேட்ச்சுக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு புது இன்டர்ன் பெண். என் கதை அவளுக்குத் தெரியாது. பாதம் நான்கு, அதில் சந்தேகமில்லை, நன்றாகவே தாங்கியது. கட்டை விரலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். எழுந்தது, நேராக மேலே.

"சூப்பர்கா. நாலு போட்டுடவா? இந்த பேட்ச்லயே சேந்துடலாம்ல?"

"அமுக்கிப் பாரும்மா."

"அய்யோ, நீங்களே பிசியோ..."

"மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ. இப்ப அமுக்கு."

ஒற்றை விரலால் லேசாக அமுக்கினாள். என் கட்டை விரல் உள்ளங்கையில் விழுந்தது. அவள் சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள்.

"மூணு" என்றேன். "எழுது."

எழுதினாள். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"எந்த பேட்ச்சு?"

"இது இல்லப்பா. இதுக்கடுத்தது."

அவர் படிவத்தை வாங்கி, மடிக்காமல், சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.